உங்கள் பகுதியின் காற்று பத்தாண்டில் எப்படி மாறியிருக்கிறது? நுண்துகள் தரவைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கண்காணிப்பு நிலையத்தின் பத்தாண்டுத் தரவை எடுத்து, அங்கே நுண்துகள் மாசு கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது இரண்டு நாள் வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நான்கு மாதம் ஆனது. முதல் வாரத்திலேயே வரைபடம் வந்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட ஆண்டிலிருந்து அளவு திடீரென்று ஏறியிருந்தது. பதறிப்போய் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஆண்டில் நிலையத்தின் அளவுக் கருவியை மாற்றியிருக்கிறார்கள். பழைய கருவி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது, புதியது அப்படிக் காட்டவில்லை. காற்று கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்திருக்கிறது.

இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். புதிதாக இந்த வேலையில் இறங்குகிற உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: செலவும் நேரமும்

தரவுக்குக் காசு தேவையில்லை. கீழே நான் சொல்கிற தரவுத்தளங்கள் எல்லாமே இலவசம். சிலவற்றில் மட்டும் கணக்கு தொடங்கிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மென்பொருளும் இலவசம்தான்: ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல்மொழி, இரண்டில் எது பழக்கமோ அது. ஒரு நிலையத்துக்குச் சாதாரண மடிக்கணினியே தாராளம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம், பத்தாண்டுக்கு ஏறத்தாழ 87,600 வரிகள்தான்.

செலவாவது நேரம். பதிவிறக்கத்துக்கு ஓரிரு நாள், சுத்தம் செய்ய இரண்டு மூன்று வாரம், நிலையத்தின் ஆவணங்களைக் கேட்டு வாங்க ஒரு மாதத்துக்கு மேல். ஆகவே ஆவணம் கேட்கும் கடிதத்தை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். அது வருவதற்குள் மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்

"காற்று எப்படி இருக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கணக்கிட முடியாது. "இந்த நிலையத்தில் பிஎம் 2.5-இன் ஆண்டுச் சராசரி 2014 முதல் 2024 வரை கூடியதா, குறைந்ததா, ஆண்டுக்கு எவ்வளவு" என்று எழுதுங்கள். பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள்கள். பெரும்பாலும் எரிபொருள் புகையும், காற்றிலேயே வேதிவினையால் உருவாகும் துகளும் இதில் அடங்கும். பிஎம் 10-இல் இவற்றோடு சாலைப் புழுதியும் மண்ணும் சேர்ந்துவிடும். இரண்டும் ஒரே திசையில் நகர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புகை குறைந்து புழுதி கூடிய இடங்கள் உண்டு. எனவே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மூன்று ஆண்டுத் தரவை வைத்துக்கொண்டு நீண்டகாலப் போக்கு என்று பேச வேண்டாம். ஒரு நல்ல மழைக்காலமோ, காற்றே அசையாத ஒரு குளிர்காலமோ போதும், மூன்று ஆண்டுக் கோடு தலைகீழாகிவிடும். எட்டு ஆண்டாவது வேண்டும், பத்துக்கு மேல் இருந்தால் நல்லது.

2. குறியீட்டெண் வேண்டாம், செறிவை எடுங்கள்

புதியவர்கள் அதிகம் விழும் பள்ளம் இது. செயலிகளில் தெரிகிற காற்றுத் தரக் குறியீட்டெண், அதாவது ஏக்யூஐ, ஓர் அளவீடு கிடையாது. பல மாசுகளில் எது மோசமோ அதை ஒரு வாய்ப்பாட்டில் போட்டு மாற்றிய எண். அந்த வாய்ப்பாடு நாட்டுக்கு நாடு வேறு. பிஎம் 2.5-இன் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் குறியீட்டில் அது 100, "திருப்திகரம்" என்ற வகுப்பின் விளிம்பு. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150-ஐத் தாண்டி, எல்லோருக்கும் கேடு என்ற வகுப்புக்குள் போய்விடும்.

ஒரே நாட்டுக்குள்ளும் வாய்ப்பாடு மாறும். அமெரிக்கா 2024-இல் தன் எல்லைகளைத் திருத்தியது. குறியீட்டெண்ணை வைத்துப் பத்தாண்டு வரைபடம் போட்டால், மாறியது காற்றா வாய்ப்பாடா என்றே தெரியாது. ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்லும் செறிவுத் தரவை மட்டுமே பதிவிறக்குங்கள். அது கிடைக்காத தளத்தை விட்டுவிடுங்கள்.

3. தரவை எங்கே எடுப்பது

முதலில் உங்கள் நாட்டு அரசு அமைப்பின் தளம். இந்தியாவுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஐரோப்பாவுக்கு ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை, அமெரிக்காவுக்கு அதன் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அடுத்து ஓப்பன்ஏக்யூ: பல நாடுகளின் அரசுத் தரவை ஒரே வடிவத்தில் திரட்டித் தருகிறது. பதிவு செய்து, தரவை இறக்க அனுமதிக்கும் ஒரு சாவி (கடவுச்சொல் போன்ற எழுத்துத் தொடர்) வாங்கிக்கொள்ள வேண்டும், கட்டணம் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சில தளங்கள் நேரடித் தரவைக் காட்டும், பின்னால் சரிபார்க்கப்பட்ட தரவை வேறு கோப்பில் வைத்திருக்கும். போக்கு பார்க்கச் சரிபார்த்ததே வேண்டும். இரண்டு, இன்று இருக்கும் தரவு நாளையும் இருக்கும் என்று நம்பாதீர்கள். உலகின் பல நகரங்களில் அமெரிக்கத் தூதரகங்கள் அளந்து பொதுவில் வைத்துவந்த தரவின் பகிர்வு 2025 மார்ச்சில் நின்றது. பல இடங்களில் நம்பி எடுக்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். கண்ணில் பட்ட அன்றே மூலக்கோப்பை இறக்கி, தேதி போட்டு, தொடாமல் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திருத்துவதெல்லாம் வேறொரு நகலில் நடக்கட்டும்.

4. நிலையத்தின் ஜாதகத்தைக் கேட்டு வாங்குங்கள்

மற்ற எதையும் விட இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். புள்ளியியல் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளலாம். நிலையத்தின் வரலாறு தெரியாவிட்டால் எந்தப் புள்ளியியலும் கைகொடுக்காது.

நிலையத்தை நடத்தும் அமைப்புக்கு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் "எல்லாம் தளத்திலேயே இருக்கிறது" என்றுதான் பதில் வரும். எனக்கு மூன்று முறை அப்படித்தான் வந்தது. கடிதத்தில் இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்:

- கருவியின் தயாரிப்பாளர், மாதிரி, அளக்கும் முறை. மாற்றப்பட்டிருந்தால் ஒவ்வொரு மாற்றத்தின் தேதி.
- நிலையம் இடம் மாறியதா, எப்போது, எங்கிருந்து எங்கே.
- காற்றை இழுக்கும் குழாயின் உயரம். சுற்றிலும் கட்டடம், மரம், சாலை வேலை வந்திருந்தால் அதன் காலம்.
- ஓட்ட வேகச் சோதனை, அளவுத்திருத்தம் ஆகியவற்றின் பதிவேடு.
- தரவில் ஏதாவது திருத்தக் காரணி பெருக்கப்பட்டதா, எந்த ஆண்டிலிருந்து.
- நிலையத்தின் வகை: சாலையோரமா, குடியிருப்பா, தொழிற்சாலைப் பக்கமா, அல்லது புகை மூலங்களிலிருந்து விலகிய பின்னணி நிலையமா.

பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். இந்தியாவில் 30 நாளுக்குள், பிரிட்டனில் 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். "எல்லாத் தகவலும் வேண்டும்" என்று கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிலையத்தின் பெயர், ஆண்டு, ஆவணத்தின் பெயர் மூன்றையும் குறித்துக் கேளுங்கள்.

கருவி மாற்றம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். பழைய டிஇஓஎம் வகைக் கருவிகள் (அதிரும் வடிகட்டியில் படியும் துகளின் எடையை அளப்பவை) ஈரத்தை விரட்டுவதற்காகத் துகளை 50 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கின. அந்தச் சூட்டில் அம்மோனியம் நைட்ரேட் போன்ற எளிதில் ஆவியாகும் பகுதியும் போய்விடும், அளவு குறைந்து தெரியும். அந்த இடத்தில் பீட்டா கதிர்க் கருவியை (படிந்த துகள் எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று பார்த்து எடை காண்பது) வைத்தால் அன்றிலிருந்து அளவு ஏறும், குளிர்காலத்தில் இன்னும் அதிகமாக. என் வரைபடத்தில் நடந்தது இதுதான். எதிர்த் திசையிலும் ஆகலாம்: சாலையோர நிலையத்தை ஒரு பூங்காவுக்குள் தள்ளி வைத்தால் காற்று ஒரே நாளில் "சுத்தமாகிவிடும்".

மாற்றம் நடந்த தேதிகளை வரைபடத்தில் செங்குத்துக் கோடுகளாகப் போடுங்கள். அளவு தாவுகிற இடமும் கோடும் ஒன்றாக வந்தால், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ளதை இரண்டு தனித் தொடராகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு கருவிகளும் சில மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடிய தரவு இருந்தால் மட்டுமே அவற்றை இணைக்கலாம். அப்படி ஓட்டினார்களா என்பதையும் கடிதத்தில் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். எனக்கு இது தோன்றாமல் போய், இரண்டாவது கடிதத்துக்கு இன்னொரு மாதம் காத்திருந்தேன்.

5. தரவைச் சுத்தம் செய்யுங்கள், ஆனால் துடைத்துப் போட்டுவிடாதீர்கள்

கோப்பைத் திறந்ததும் எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று ஓர் எண்ணிக்கை எடுங்கள். மிக அதிகம் வரும் எண்களைப் பார்த்தாலே பாதிக் கோளாறு புரிந்துவிடும். -999 என்பது தரவு இல்லை என்பதற்கான அடையாளம். 985 வந்தால் உஷார்: பீட்டா கதிர்க் கருவிகளில் ஒரு பரவலான மாதிரியின் உச்சவரம்பு அது. கருவி பழுதானாலும் அந்த எண்ணையே எழுதும். உண்மையிலேயே கடும் புகை இருந்ததா, பழுதா என்று அண்டை நிலையத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரே எண் தொடர்ந்து ஆறேழு மணி நேரம் வந்தால் கருவி சிக்கிக்கொண்டது என்று பொருள். அந்த மணிகளை நீக்குங்கள்.

சிறிய எதிர்மறை எண்களைக் கண்டால் கை தானாக நீக்கப் போகும். நீக்காதீர்கள். காற்று மிகச் சுத்தமாக இருக்கும்போது கருவியின் இரைச்சல் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் ஆடும். -3-ஐ நீக்கி +3-ஐ வைத்துக்கொண்டால் சராசரி பொய்யாக ஏறும். எவ்வளவு வரை ஏற்பது என்று கருவியின் கையேட்டில் இருக்கும். அதற்குக் கீழே போனதை மட்டும் எடுங்கள்.

நேரத்தைக் கவனியுங்கள். உலகப் பொது நேரமா, உள்ளூர் நேரமா? மணியின் தொடக்கத்தைக் குறிக்கிறதா, முடிவையா? ஆண்டுச் சராசரிக்கு இது பெரிதில்லை. ஆனால் வானிலைத் தரவோடு சேர்க்கும்போது ஒரு மணி நேரம் பிசகினாலும் எல்லாம் குழம்பும். அலகையும் பாருங்கள். சில கோப்புகள் பாதியில் மில்லிகிராமிலிருந்து மைக்ரோகிராமுக்குத் தாவும், ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

நீக்கிய ஒவ்வொரு வரிக்கும் காரணத்தைத் தனி நெடுவரிசையில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து "இதை ஏன் எடுத்தேன்" என்று நீங்களே உங்களைக் கேட்பீர்கள்.

6. சராசரி: 75 விழுக்காட்டு விதி

ஒரு நாளில் 18 மணி நேரமாவது தரவு இருந்தால்தான் அந்த நாளை எண்ணுங்கள். ஆண்டில் 75 விழுக்காடு, அதாவது 6,570 மணி நேரத்துக்குக் குறைந்தால் அந்த ஆண்டை விட்டுவிடலாம். இதோடு நிறுத்தாமல் பருவம் வாரியாகவும் பாருங்கள். மொத்தம் 80 விழுக்காடு இருந்தும், இல்லாத 20 விழுக்காடு முழுக்க மாசு உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று மாதங்களாக இருந்தால், அந்த ஆண்டு சுத்தமான ஆண்டாகத் தெரியும். ஒவ்வொரு காலாண்டிலும் 75 விழுக்காடு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

7. போக்கைக் கணக்கிடுங்கள்

விரிதாளில் நேர்கோடு போட்டு நிறுத்திவிட வேண்டாம். புகைமூட்டமான ஒரே ஓர் ஆண்டு அந்தக் கோட்டை இழுத்துவிடும். தைல்-சென் முறையைப் பயன்படுத்துங்கள். எல்லாப் புள்ளி இணைகளுக்கும் சாய்வு கண்டு அவற்றின் நடு மதிப்பை எடுப்பதுதான் அது, விபரீத எண்களுக்கு அசையாது. ஆர் மொழியில் ஓப்பன்ஏர் என்ற தொகுப்பு இதைத் தயாராகவே வைத்திருக்கிறது. மாதச் சராசரியைக் கொடுத்து, பருவ ஏற்ற இறக்கத்தை நீக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த மாதங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்கும் வசதியையும் இயக்குங்கள். அதை மறந்தால் இல்லாத போக்குக்கும் "உறுதி" முத்திரை கிடைத்துவிடும்.

அப்புறம் ஒரு சோதனை. தொடக்க ஆண்டை ஒன்று தள்ளி ஓட்டுங்கள், முடிவு ஆண்டை ஒன்று குறைத்து ஓட்டுங்கள், 2020-ஐ விட்டும் ஓட்டுங்கள். பொதுமுடக்கத்தால் பல இடங்களில் அந்த ஆண்டு விதிவிலக்கானது. நான்கு முறையும் திசை ஒன்றாகவே இருந்தால் நம்பலாம். மாறினால், தெளிவான போக்கு இல்லை என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

8. வானிலையைப் பிரித்தெடுங்கள்

புகையின் அளவு மாறாமல் இருந்தாலும் காற்று வீசாத ஆண்டில் செறிவு ஏறும், மழை அதிகமான ஆண்டில் இறங்கும். இதைப் பிரிக்க ஐரோப்பாவின் இஆர்ஏ5 வானிலைத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதற்கும் 1940 முதல் மணிக்கு மணி இருக்கிறது. காற்றின் வேகம், திசை, வெப்பநிலை, மழை, கலப்படுக்கையின் (தரையை ஒட்டி, புகை கலந்து பரவும் காற்றடுக்கு) உயரம் ஆகியவை போதும். பதிவிறக்கம் வரிசையில் நிற்கும், சில நேரம் மணிக்கணக்காகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஆர்எம்வெதர் என்ற ஆர் தொகுப்பு இந்தத் தரவை வைத்து வானிலையின் பங்கைக் கழித்துத் தரும். முதல் முறை செய்பவருக்கு இது கடினம்தான். அதைச் செய்ய முடியவில்லை என்றால், "வானிலையைப் பிரிக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

9. நிலையமே இல்லாத இடமானால்

வாஷிங்டன் பல்கலைக்கழக (செயின்ட் லூயிஸ்) ஆய்வுக் குழு செயற்கைக்கோள் பதிவுகளையும் கணினி மாதிரியையும் தரை அளவீடுகளையும் இணைத்து, 1998 முதல் உலகம் முழுவதற்கும் பிஎம் 2.5 வரைபடங்களை வெளியிடுகிறது, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நுணுக்கத்தில். நிலையம் இல்லாத பகுதிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் தரை நிலையங்கள் அரிதான பகுதியில் அதன் எண்ணைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிப்பின் ஆண்டுகளை வேறொரு பதிப்பின் ஆண்டுகளோடு ஒட்டவும் கூடாது. புதிய பதிப்பு வந்தால் மொத்தத்தையும் புதிதாக இறக்குங்கள்.

நாசாவின் மெர்ரா-2 என்ற வளிமண்டல மாதிரித் தரவு 1980 முதல் இருக்கிறது என்பதால் ஆசை வரும். அதன் துகள் கணக்கில் நைட்ரேட் கிடையாது, கட்டமும் ஐம்பது கிலோமீட்டர் அளவு. நகரப் போக்குக்கு அது உதவாது.

10. நீங்களே சென்சார் வைத்து அளக்க நினைத்தால்

மலிவான லேசர் சென்சார்கள் அரசு நிலையக் கருவியின் விலையில் நூற்றில் ஒரு பங்கு கூட இருக்காது. இன்றைய நிலவரம் அறிய நல்லவை. நீண்டகாலப் போக்குக்கு எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள். அவை துகளின் எடையை அளப்பதில்லை, சிதறும் ஒளியை அளந்து எடையை ஊகிக்கின்றன. ஈரப்பதம் கூடினால் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், எண் உயரும். மூடுபனியையே புகையாகக் காட்டும். பிஎம் 10 என்று அவை காட்டுவதை நம்பவே வேண்டாம், பெரிய புழுதித் துகளை அவை சரியாகப் பிடிப்பதில்லை.

ஆயுளும் குறைவு. எஸ்டிஎஸ்011 என்ற பரவலான சென்சாரின் லேசருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 8,000 மணி நேரம். நிறுத்தாமல் ஓடினால் ஓராண்டு கூட இல்லை. ஒரு நிமிடம் அளந்து நான்கு நிமிடம் ஓய்வு என்று அமைத்தால் பல ஆண்டு வரும். எதுவானாலும் பழைய சென்சாரைக் கழற்றும் முன் புதியதை அதன் பக்கத்திலேயே ஒரு மாதமாவது ஓட்டுங்கள். தொடக்கத்தில் அரசு நிலையம் ஒன்றின் அருகே சில வாரம் வைத்து ஒப்பிட அனுமதி கிடைத்தால், ஈரமான பருவத்தில் ஒரு முறை, வறண்ட பருவத்தில் ஒரு முறை செய்யுங்கள். ஒரு பருவத்தில் கண்ட திருத்தம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

11. முடிவை எழுதும்போது

ஆண்டுக்கு எத்தனை மைக்ரோகிராம் மாற்றம், அதன் நம்பக எல்லை (உண்மை அளவு இருக்கக்கூடிய வீச்சு), எந்த ஆண்டு முதல் எதுவரை, எந்த நிலையம், எந்தக் கருவி, எந்த ஆண்டுகளை ஏன் விட்டீர்கள்: இவை எல்லாம் வரைபடத்துக்குக் கீழேயே இருக்கட்டும். படத்தை மட்டும் வெட்டிப் பகிர்வார்கள். விளக்கம் வேறு பக்கத்தில் இருந்தால் அது போய்ச்சேராது.

விழுக்காட்டை மட்டும் தராதீர்கள். 80-லிருந்து 60-க்கு இறங்கினால் 25 விழுக்காடு குறைவு, நல்ல செய்திதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டு வழிகாட்டு அளவு 5 மைக்ரோகிராம். 60 என்பது அதைப் போல் 12 மடங்கு. அங்கே மூச்சு விடுகிற குழந்தைக்கு இரண்டு உண்மையும் சேர்ந்தேதான் பொருந்தும். ஒப்பிடும்போது எந்த அளவுகோல் என்றும் சொல்லுங்கள். அந்த நிறுவனத்தின் 2005 வழிகாட்டு அளவு 10, இந்தியத் தேசிய அளவுகோல் 40, அமெரிக்காவின் 2024 அளவுகோல் 9. அமெரிக்க அளவுகோல் மூன்று ஆண்டுச் சராசரிக்கானது, ஓர் ஆண்டு எண்ணை அதோடு நேராக வைத்துப் பார்க்கக் கூடாது.

வெளியிடும் முன் நிலையத்தை நடத்தும் அமைப்புக்கு வரைபடத்தை அனுப்பி, இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். நான் இரண்டாவது முறை அப்படி அனுப்பியபோது, அங்கே வேலை பார்க்கும் தொழில்நுட்பர் ஒருவர் பொறுமையாக எழுதிய பதிலில்தான் இன்னொரு தேதி கிடைத்தது: மேற்கூரைப் பழுதுக்காக ஏழு வாரம் உறிஞ்சு குழாயைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்களாம். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. அந்த ஏழு வாரத்தையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.